மற்றத் துண்டு

போன புதன்கிழமையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். பல்கனிக் கதவைத் திறக்கிறேன், பதினோராம் மாடிக் காற்று முகத்தில் அடித்ததும் மூடுகிறேன். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவுகிறேன்.

"அம்மா, ஒரு இடத்திலை இருங்கோவன். உங்களைப் பாக்க எனக்குத் தலை சுத்துது" என்று மகள் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்களுக்கு முன்னால் எனக்குக் கதைக்க வராது. மகள் என்றாலும் அவளும் ஆள்தானே. அதனால் பேத்தியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து, மிச்சப் பக்கங்களில் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமைகளில் எங்கள் ரொறன்ரோ முதியோர் சங்கம் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் கூடும். டோர்செட் பார்க்கிலிருந்து எனக்கு ஒரு பஸ்தான். தேத்தண்ணி, வடை, கொஞ்சம் கைகால் அசைக்கும் பயிற்சி, நிறைய ஊர்க்கதை. போன புதன் புதுத் தலைவர் தெரிவு. ஒரு பக்கம் ரீச்சர், மறுபக்கம் ஊரில் றோட்டு வேலை மேற்பார்த்த ஓவசியர் அண்ணை. இரண்டு பேரும் அந்த வேலைகளை விட்டு முப்பது வருசமாகிறது, ஆனாலும் பெயர் அதுதான். கையை உயர்த்தச் சொல்லி எண்ணினார்கள். பதினான்கும் பதினான்கும். இருபத்தொன்பது பேர் இருக்கிற இடத்தில் எப்படிச் சமமாக வரும் என்று மூன்று தரம் எண்ணி, கடைசியில் கையை உயர்த்தாமல் சுவரோரம் இருந்த ஆளைக் கண்டுபிடித்தார்கள். அது நான்.

"எந்தப் பக்கமும் சேராத ஆள். சீட்டை அவவே எடுக்கட்டும்" என்றார் ஓவசியர் அண்ணை.

"ஓம் ஓம். பச்சைப்பிள்ளை மாதிரி மனுசி. வாங்கோ அக்கா" என்று ரீச்சர் என் கையைப் பிடித்து எழுப்பினா.

இரண்டு பெயரையும் இரண்டு துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து, ஒரு கோப்பிக் கப்புக்குள் போட்டு என் முன்னால் நீட்டினார்கள். எழுபது வருசத்துக்கு மேலாக நான் சீட்டு எடுத்ததில்லை. சீட்டு என்ன, கலியாண வீட்டில் முதல் விளக்கைக் கொளுத்தக் கூப்பிட்டாலும் பின்னுக்குப் போய்விடுவேன். என் கை ராசியில்லாத கை. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஊரில் எல்லோரும் அதை ராசியான கை என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் ஊருக்கு மேயர் கிடையாது. கிராமசபைச் சேர்மன்தான் எங்களுக்கு மேயர். எட்டு வட்டாரம், எட்டு மெம்பர். அந்த எட்டுப் பேரும் தங்களுக்குள் ஒருவரைச் சேர்மனாகத் தெரிவுசெய்ய வேண்டும். தெருவிளக்கு, சந்தை, கிணறு, நாய்க்கு லைசன்ஸ், சைக்கிளுக்குத் தகடு, எல்லாம் அவருடைய கையெழுத்தில்தான் நடக்கும். நான் நான்காம் வகுப்புப் படித்த வருசம் அந்தக் கதிரைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் பெரியப்பா. மற்றவர் என் மாமா.

பெரியப்பா அப்பாவின் தமையன். சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். பத்துப் பேர் குந்தியிருந்து சுருட்டுச் சுற்ற, அவர் நடுவில் கதிரையைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பேப்பர் வாசிப்பார். வாசித்து வாசித்தே மனுசனுக்கு அரசியல் ஏறிவிட்டது என்று அம்மா சொல்லுவா. நல்ல குரல், நல்ல சிரிப்பு. யார் வீட்டில் செத்தவீடு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். தான் சேர்மனாக வந்தால் சந்தைக்குக் கூரை, சந்திக்குச் சந்தி விளக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். சைக்கிள் கடை. அவருடைய கை எப்போதும் எண்ணெயாக இருக்கும். வாய் எப்போதும் மூடியிருக்கும். அவர் சொன்னது ஒரேயொரு விஷயம்தான்: தரவை றோட்டை உயர்த்தி, ஊருக்குள் பஸ் கொண்டுவருவது.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு நாலு மைல் தள்ளிப் பட்டணத்துக்குப் போகவேண்டும். நடுவில் வீடில்லாத வெட்டைவெளி, அதுதான் தரவை. மாரி வந்தால் றோட்டு முழங்கால் தண்ணீருக்குள் கிடக்கும். பெடியன்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பெட்டைகள் ஐந்தோடு நின்றுவிடுவார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. மாமா மட்டும் ஒருநாள் என் சிலேட்டை வாங்கி எழுத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஆறாம் வகுப்புக்குப் பஸ்ஸிலை போவாய் பாரன்" என்றார். அன்றிலிருந்து பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றாலும் நான் மனதுக்குள் மாமாவின் கட்சியாக இருந்தேன்.

மெம்பர்கள் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே அது ஊர் முழுக்கத் தெரியும். சமமாக வந்தால் திருவுளச்சீட்டுப் போடுவது சட்டம். யார் எடுப்பது? கோயில் ஐயர் என்றால் அவர் பெரியப்பாவின் கூட்டாளி. தபாற்காரர் என்றால் அவர் மாமாவிடம் சைக்கிள் திருத்துகிறவர். கடைசியில் சின்னப்பிள்ளை ஒன்று எடுக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். பிறகு யாருடைய பிள்ளை என்று இரண்டு நாள் சண்டை. இரண்டு பகுதிக்கும் சரிசமமாகச் சொந்தமான பிள்ளை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எங்கள் வீட்டில் அந்தக் கிழமை அப்பாவும் அம்மாவும் நேருக்குநேர் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது.

"கொப்பருக்குச் சொல்லு, சோறு போட்டிருக்கெண்டு."

"கொம்மாவிட்டைச் சொல்லு, எனக்குப் பசியில்லை எண்டு."

"பசியில்லாட்டித் தமையன்ரை கொட்டிலிலை என்னத்தைத் திண்டவர் எண்டு கேள்."

நான் அடுப்படிக்கும் விறாந்தைக்கும் ஓடி ஓடிக் களைத்துப்போனேன். இப்போது நடக்கிற மாதிரித்தான் அப்போதும் நடந்தேன்.

கூட்டத்தன்று காலை பெரியப்பா வந்தார். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், மடியிலிருந்து தோடம்பழ இனிப்பு நாலைந்து எடுத்துத் தந்தார். பிறகு இரண்டு கடதாசித் துண்டு எடுத்தார். ஒன்றைச் சும்மா மடித்தார். மற்றதை மடித்து, அதன் ஒரு மூலையை இன்னொரு தரம் நகத்தால் அழுத்தி மடித்தார்.

"கண்ணை மூடு. தடவிப் பார். எதிலை மூலை மடிஞ்சிருக்கு?"

நான் சரியாகச் சொன்னேன்.

"கெட்டிக்காரி! இன்னொருக்கா."

திரும்பவும் சரியாகச் சொன்னேன். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. மூன்றாம் தரம் சொன்னதும் பெரியப்பா குரலைப் பதித்துக்கொண்டு, "இண்டைக்குச் சீட்டுப் போடுற செம்புக்குள்ளையும் உப்பிடி ஒண்டு இருக்கும். சபைக் கிளாக்கர் மடிச்சு வைப்பார். அதைத்தான் எடுக்கவேணும், என்ன?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இனிப்பு வாய்க்குள் கரையாமல் நின்றது.

"அப்ப மாமா பாவமில்லையோ பெரியப்பா?" என்று கேட்டேன்.

பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு வழக்கம்போலப் பெரிதாகச் சிரித்து, "பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை. நீ உன்ரை மனம்போலை எடு" என்று தலையைத் தடவிவிட்டு, வந்த வழியால் போகாமல் கிராமசபைக் கந்தோர்ப் பக்கமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

பகிடியென்று நான் நம்பவில்லை. செம்புக்குள் மூலை மடிந்த துண்டு கட்டாயம் இருக்கும். அப்படியென்றால் மடியாத துண்டு மாமாவுடையது. பெரியப்பா சொல்லித் தந்த வித்தையாலேயே மாமாவை வெல்ல வைக்கலாம் என்று எனக்கு ஓடி வெளித்தது. என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே சதித்திட்டம் அதுதான்.

கந்தோரில் சனம் யன்னல் கம்பியெல்லாம் தொங்கியது. கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். வெள்ளைக் காற்சட்டை, நெற்றியெல்லாம் வேர்வை, மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். கையை உயர்த்தினார்கள். நாலும் நாலும். துரை தலையை ஆட்டினார். கிளாக்கர் இரண்டு துண்டுக் கடதாசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி முதலில் பெரியப்பாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒன்றில் எழுதினார். பிறகு மாமாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி மற்றதில் எழுதினார். மடித்தார். வாய் ஒடுங்கின பித்தளைச் செம்புக்குள் போட்டுக் குலுக்கினார். பெரியவர்களின் கை போகாத செம்பு அது.

மாமா என்னிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. நான் முன்னால் போகும்போது மட்டும், "பயப்பிடாதை. நீ எதை எடுத்தாலும் மாமாவுக்குச் சம்மதம்" என்றார்.

கையை உள்ளே விட்டேன். முதல் துண்டு விரலில் பட்டது. தடவினேன். மூலை மடிந்திருந்தது. இது பெரியப்பாவுடையது என்று நினைத்து அதை விட்டுவிட்டு மற்றதைத் தேடினேன். அது செம்பின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிடித்தேன், தடவினேன். அதிலும் மூலை மடிந்திருந்தது.

முதல் துண்டைத் திரும்பவும் தடவினேன். மடிந்துதான் இருந்தது. இரண்டாவதும் மடிந்துதான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்ன பிள்ளை, உள்ளுக்கை முட்டையே இடுறாய்?" என்று யன்னலில் தொங்கிய ஒருவன் கத்தினான். சனம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. பெரியப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, பஸ், பஸ், பஸ் என்று மனதுக்குள் சொல்லி ஒன்றை இழுத்து எடுத்தேன்.

துரை விரித்து வாசித்தார். பெரியப்பாவின் பெயர்.

சனம் ஆரவாரித்தது. சீனவெடி கொளுத்தினார்கள். வெடி முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். துரை புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுக் காருக்குள் ஏறிவிட்டார். அந்தக் குழப்பத்தில் கிளாக்கர் செம்பைக் கவிழ்த்து, மற்றத் துண்டைக் கையில் எடுத்து, வெற்றிலைக்குள் பாக்கோடு பாக்காக வைத்து மடித்து வாய்க்குள் போட்டுச் சப்பியதை நான் கண்டேன். அது சபையின் சட்டமாக்கும் என்று நினைத்தேன்.

மாமா என்னிடம் வந்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். கடைப் பக்கம் போய்விட்டார். பெரியப்பா கிணற்றடிக்கு என்னைக் கூட்டிப்போனதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு பல வருசம் அவர் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

பெரியப்பா மூன்று முறை சேர்மனாக இருந்தார். குறை சொல்லக்கூடாது, வேலை செய்தார். சந்தைக்குக் கூரை வந்தது. கோயில் வீதியில் நல்ல தண்ணீர்க் கிணறு வந்தது. சந்திக்குச் சந்தி விளக்கு வந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். "இவள்தான் என்ரை கைராசிக்காரி" என்று சனத்துக்குச் சொல்லி, நெருப்புப்பெட்டியை என் கையில் தருவார். நான் கொளுத்துவேன். சனம் கைதட்டும். வெளிச்சத்தில் எனக்கு மாமாவின் சைக்கிள் கடைதான் தெரியும்.

மாமா தன் சைக்கிளுக்குத் தகடு வாங்க மறுத்துவிட்டார். தகட்டோடு தருகிற துண்டில் சேர்மனின் கையெழுத்து இருக்கும். தகடில்லாமல் ஓடினால் குற்றம். அதனால் ஊரின் ஒரே சைக்கிள் கடைக்காரர் நடந்து திரிந்தார். சனத்துக்கு அது பெரிய பகிடி. எனக்கு அந்தப் பகிடி கேட்கும்போதெல்லாம் கையை எங்கே வைப்பதென்று தெரியாது, சட்டைக்குள் ஒளிப்பேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தது. மாரி வந்தது. தரவை றோட்டு வழக்கம்போலத் தண்ணீருக்குள் போனது. நான் வீட்டில் நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை.

நான் பெரியபிள்ளையாகி எனக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது மாமா வந்தார். தாய்மாமன் பாலறுகு வைத்துத் தண்ணீர் வார்க்காமல் சடங்கு இல்லை. அதற்காக வந்தார், நடந்து வந்தார். கதிரையில் இருக்கவில்லை, எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தேங்காய் உடைத்து, என் தலையில் அறுகை வைத்தார். அன்றைக்கு அவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நான் முதல்நாளே நினைத்திருந்தேன். மாமா, நான் உங்களைத்தான் எடுக்க நினைத்தேன் என்று. "மாமா" என்று வாயைத் திறந்தேன். தண்ணீர் முகத்தில் விழுந்து வாய்க்குள் போனது. முன்வரிசையில் பெரியப்பா, சேர்மன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நல்லா இரு பிள்ளை" என்றார் மாமா. அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. இரண்டு வருசத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பெரியப்பா தரவை றோட்டை உயர்த்தினார், பஸ்ஸும் வந்தது. அந்தப் பஸ்ஸில் நான் முதன்முதலாக ஏறியது என் கலியாணத்துக்குக் கூறை எடுக்க.

பெரியப்பா கடைசிக் காலத்தில் இங்கே வந்தார். நாடு குழம்பியபோது மகன் கூப்பிட்டு, பார்க்டேலில் ஓர் ஒற்றை அறை வீட்டில் வைத்திருந்தான். சந்தைக் கூரை குண்டில் போய்விட்டது என்று கேள்விப்பட்டு மூன்று நாள் சாப்பிடவில்லையாம். நான் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் போய்ப் பார்த்தேன். மேல்கோட்டோடு யன்னலில் இருந்து தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"உந்த மூலை லைற் ரெண்டு கிழமையா எரியேல்லை. இஞ்சை சேர்மன் ஆர் பிள்ளை?"

"எனக்குத் தெரியாது பெரியப்பா."

"ஆரெண்டாலும் கவனமில்லாத ஆள்."

அன்றைக்கு ஏனோ எனக்குத் தைரியம் வந்தது. மாமாவுக்குச் சொல்ல முடியாததை இவருக்காவது சொல்வோம் என்று, "பெரியப்பா, அண்டைக்கு நான் உங்களுக்குத் துரோகம்தான் நினைச்சனான். மாமான்ரை துண்டைத் தேடினனான். என்ரை கைதான் பிழைச்சுப்போச்சு" என்றேன். பெரியப்பா சிரித்தார். இருமல் வரும்வரை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு யன்னலையே பார்த்தபடி ஒன்றுமட்டும் கேட்டார்.

"உந்தக் கிளாக்கர் இருக்கிறானோ, செத்துப்போனானோ?"

வயது போனவருக்குக் கதை தடம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன புதன் நான் கோப்பிக் கப்புக்குள் கையை விட்டேன். வேறு வழியில்லை, இருபத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கம் போகவில்லை, இரண்டு துண்டையும் தடவினேன். மூலையில் ஒன்றுமில்லை. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஓவசியர் அண்ணையின் பெயர். கைதட்டினார்கள். நான் சுவரோரத்துக்குத் திரும்பப் போனேன்.

"பொறுங்கோ அக்கா. மற்றத் துண்டையும் விரிச்சுக் காட்டுங்கோ" என்றா ரீச்சர்.

"விடுங்கோ ரீச்சர், தோத்தால் தோத்ததுதான்" என்று யாரோ பகிடி விட்டார்கள்.

"தோத்ததுக்கில்லை. ரெண்டையும் காட்டுறதுதான் முறை. நான் வெண்டிருந்தாலும் கேட்டிருப்பன்."

கப்பைக் கவிழ்த்தேன். துண்டு மேசையில் விழுந்தது. விரித்துக் காட்டினேன். அதில் ரீச்சரின் பெயர் இருந்தது.

"இப்ப சரி" என்று ரீச்சர் போய் ஓவசியர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினா. எல்லோரும் வடைக்குப் போய்விட்டார்கள். நான் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பஸ்ஸில் வரும்போதும் கைக்குள்தான் இருந்தது. இப்போதும் இந்தக் கொப்பிக்குள் இருக்கிறது. எடுத்து விரிக்கிறேன், மடிக்கிறேன், எழும்பி நடக்கிறேன்.

மற்றத் துண்டில் மற்றவரின் பெயர் இருக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். எழுபது வருசமாக என் கைக்குக் கொடுத்த தண்டனை முழுவதும் அந்த ஒரு துண்டுக்குள் கிடந்தது. மாமாவின் பெயரே எழுதாத அதைக் கிளாக்கர் சப்பித் துப்பிவிட்டார். மாமா பாவமில்லையோ என்று நான் கேட்டிராவிட்டால், பெரியப்பா கந்தோர் வழியால் சைக்கிளை மிதித்திருக்கவும் மாட்டார்.

செம்புக்குள் கையை விட்டபடி நின்ற அந்தப் பிள்ளைக்கு இரண்டு மூலையும் மடிந்திருப்பது தெரிந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. கிளாக்கர் மறதியாக இரண்டையும் மடித்துவிட்டார் என்று நினைத்தாள். வெளியில் சொன்னால் அவரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடுவார்களே, பிள்ளைகுட்டிக்காரர், பாவம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தாள்.